நாலு சென்டிமீட்டர் ஓரம்

7

இந்த அத்தியாயத்தை எழுத எனக்கு விருப்பமே இல்லை. முந்தைய ஆறு கேஸ்களையும் வாய் கிழியச் சொன்னவன்தான் நான். இதை மட்டும் சத்தமில்லாமல் தாண்டிவிடலாம் என்று பார்த்தேன். வசீத்தி மதினி விடவில்லை. "ஜெயிச்சதை மட்டும் எழுதினா அதுக்குப் பேரு புத்தகம் இல்ல செமேசா, விளம்பரம்" என்றார். ஆகவே எழுதுகிறேன். எழுதும்போதே காது சுடுகிறது.

புதிதாக வருகிறவர்களுக்காக இரண்டு வரி. வசீத்தி கோரோய் எங்கள் தீவுநாட்டுத் தலைநகர் சூவாவின் போலீஸில் போலிக் கையெழுத்துப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். இப்போது பல்கலைக்கழக நூலகத்தின் மேல்மாடியில் ஆய்வேடு சரிபார்க்கும் அதிகாரி. திருட்டு மேற்கோள், பிறக்காத புத்தகம், செத்த பிறகு பேட்டி கொடுத்தவர், எல்லாவற்றையும் மோப்பம் பிடிப்பவர். நான் செமேசா ராவுலோ, அவருடைய உதவியாளன். ஓரம், எழுத்தளவு, மேற்கோள், பட்டியல் எல்லாம் கையேட்டின்படி இருக்கின்றனவா என்று பச்சைப் பேனாவோடு பார்ப்பது என் வேலை. அவர் ஊருக்கும் என் ஊருக்கும் ஆதியிலிருந்தே கேலி முறை. அதனால் அவர் எனக்கு மேலதிகாரியாக இருந்தாலும் மதினிதான், நான் என்ன பேசினாலும் அவர் கோபித்துக்கொள்ள முடியாது.

திங்கட்கிழமை தபாலில் ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. உறையைப் பிரித்து மதினியின் மேசையில் வைத்தவன் நான்தான்.

"முதுகலை மாணவி ஆசினாத்தேயின் ஆய்வேட்டில் பதினான்காம் பேட்டி பொய். அபகூகி என்பவரை நேரில் கேட்டதாக எழுதியிருக்கிறார். அவரிடம் இவர் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. விசாரிக்கவும்."

அவ்வளவுதான். கையெழுத்து இல்லை, தேதி இல்லை. கணினியில் அடித்த நாலே வரி.

வியாழக்கிழமை மாலை நாலு மணிக்குத் தேர்வுக் குழு கூடுகிறது. பேட்டி பொய் என்றால் ஆய்வேடு குப்பைக்கூடைக்கு, ஆசினாத்தே வீட்டுக்கு. மூன்று வருஷ உழைப்பு. பட்டமளிப்பு விழாவுக்கு அவள் ஊர்ப் பெண்கள் பாய் பின்னி அனுப்பியே விட்டார்கள். அந்தப் பாயைத் திரும்பக் கொண்டுபோகிற அவமானத்தை எங்கள் நாட்டில் எந்தக் குடும்பமும் தாங்காது.

வியாழன் காலை. வழக்கம்போல மழை. மதினி அந்தக் கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, அளவுகோலை அதன்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மதினி, சட்டை தைக்கப் போறீங்களா?"

"ம்" என்றார். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "கிளம்பு. நசீனு போகணும். அந்தப் பொண்ணு அவ சித்தப்பா வீட்டுலதான் இருக்கா."

பஸ்ஸில் மழைக்காகத் தார்ப்பாயை இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே இருட்டு, ரேடியோ அலறல். மதினி ஆய்வேட்டை மடியில் விரித்து வைத்திருந்தார். புயலுக்கு முன்னால் கடலும் பறவையும் மரமும் என்னென்ன காட்டும் என்று தீவுக்காரர்களைக் கேட்டு எழுதியது. மொத்தம் இருபது பேட்டி. பதினான்காவதுதான் உயிர்நாடி. பவழத்திட்டின்மேல் அலை உடைகிற சத்தத்தை வைத்தே இரண்டு நாள் முன்னால் புயலைச் சொல்லும் அபகூகியின் பேச்சு. அதை உருவினால் மிச்சம் பத்தொன்பதும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

"நன்றியுரை படிச்சியா?" என்றார் மதினி.

"படிச்சேன். கடவுளுக்கு, வழிகாட்டிக்கு, சித்திக்கு, சித்தி வீட்டு நாய்க்கு."

"நாய்க்குமா?"

"ராத்திரி துணைக்கு இருந்துச்சாம். நம்ம ஆபீஸ்ல இருக்கிறவங்களைவிட நாய் தேவலைன்னு நெனச்சிருப்பா."

மதினி சிரிக்கவில்லை. "அவ உனக்கு என்ன முறை?"

"மாமா பொண்ணு."

"மூணு நாளா சொல்லவே இல்லியே."

"இந்தத் தீவுல யாரு எனக்கு மாமா பொண்ணு இல்ல? நீங்களே சுத்தி வளைச்சா மதினிதானே."

ரேடியோக்காரன் அடுத்த பாட்டைப் போட்டான். மதினி பக்கத்தைத் திருப்பினார்.

நசீனு வீட்டில் ஆசினாத்தே பாயில் உட்கார்ந்து வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் டின் மீனும் டீயும் எடுத்து வைத்தாள். இருபத்தேழு வயது. கண்கள் வீங்கியிருந்தன. மதினிக்கு மரியாதையாகத் தலை தாழ்த்தினாள். என்னைப் பார்த்து, "வாங்க அத்தான்" என்றாள். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. நானும் கிழங்கைப் பார்த்துக்கொண்டேன்.

மதினி நேராக விஷயத்துக்கு வந்தார். "பதினாலாம் பேட்டி. நீதான் கேட்டியா?"

"கேள்வி என்னுதுதான். பதில் அவருதுதான். ஒரு எழுத்து கூட்டலை, குறைக்கலை."

"அபகூகி உனக்கு என்ன வேணும்?"

"பெரியப்பா மகன்."

மதினி டீயைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த ஒரு சொல்லே போதும். பெரியப்பா மகன் என்றால் அண்ணன். எங்கள் நாட்டில் அண்ணனும் வளர்ந்த தங்கையும் நேருக்கு நேர் பேசக் கூடாது. ஒரே பாயில் உட்காரக் கூடாது, பேரைக் கூடச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அது பகையில்லை, மரியாதை. உயிரே போனாலும் மீற மாட்டார்கள். 'நேரில் பேட்டி, கேட்டவர்: ஆய்வாளர்' என்று அச்சில் இருக்கிறதே, அது நடந்திருக்க வழியே இல்லை.

"அப்போ கடுதாசி சொல்றது நிஜம்" என்றார் மதினி. "நீ அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசலை."

"பேசலை."

"அவர் முன்வாசல்ல. நீ?"

"பின்னாடி, சமையக்கட்டுல. நோட்டோட."

"நடுவுல யாரு?"

ஆசினாத்தே பாயின் விளிம்பில் ஒரு இழையை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தாள். கேள்வியை வாங்கி முன்னே கொடுத்து, பதிலை வாங்கிப் பின்னே கொடுக்க ஒரு ஆள் வேண்டும். இருவரோடும் கேலி முறை உள்ள ஆளாக இருந்தால்தான் அது நடக்கும்.

"சொல்ல மாட்டேன்" என்றாள்.

"நாலு மணிக்கு உன் பட்டமே போகப்போகுது, கண்ணு."

"போகட்டும். பேரைச் சொன்னா இன்னொருத்தருக்கு வேலை போகும். அது எனக்கு வேணாம்." பிறகு மெதுவாக, "அவர் பேரு முதல் பிரதியில கீழ இருந்துச்சு. எடுத்தது நான்தான். என் தப்பு" என்றாள்.

எடுத்தாளாம். எனக்கு அந்த இடத்தில் வயிறு எரிந்தது, மறைப்பானேன். எழுந்து போய் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன்.

திரும்பவும் பஸ் ஏறினோம். மணி ஒன்றரைக்கு நூலகம் வந்ததும், "ரொட்டி வாங்கிட்டு வா. உருளைக்கிழங்கு வெச்சது ரெண்டு" என்று என்னைக் கீழே அனுப்பினார். கேன்டீனில் வரிசை நீளம். நான் மேலே வந்தபோது அவர் மேசையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மூன்று பொருள் வைத்திருந்தார். மொட்டைக் கடிதம். அளவுகோல். பழைய காகிதக் கட்டு ஒன்று, கவிழ்த்து வைத்தபடி.

"கதவைச் சாத்திட்டு உட்காரு."

"ரொட்டி ஆறிடும் மதினி."

"ஆறட்டும்."

உட்கார்ந்தேன்.

"நசீனுல எவ்வளவு நேரம் இருந்தோம்?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"மாமா பொண்ணு. அத்தை மகன். நம்ம நாட்டுல இந்த ரெண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேலி பேசாம டீ குடிச்சா, ஒண்ணு அது சாவு வீடா இருக்கணும். இல்லேன்னா ஒருத்தர் இன்னொருத்தருக்குக் குழி தோண்டியிருக்கணும். அந்த வீட்டுல யாரும் சாகலை."

"அவ அழுதுட்டு இருந்தா, அதான்..."

"என் புருஷன் பொணத்துக்கு முன்னாடியே நீ என்னைக் கேலி பண்ணினவன்டா."

உண்மைதான். பண்ணியிருக்கிறேன். அன்றைக்கு அவரைச் சிரிக்க வைத்தேன் என்று இன்றுவரை பெருமை பேசுகிறவன் நான்.

மதினி கடிதத்தை என் பக்கம் திருப்பி, இடது ஓரத்தில் அளவுகோலை வைத்தார். "படி."

படித்தேன். நாலு சென்டிமீட்டர்.

"வலது பக்கம்?"

"ரெண்டரை."

"மேல, கீழ ரெண்டரை. அதையும் பார்த்துட்டேன். இடது பக்கம் நாலு எதுக்குன்னு கையேட்டுல போட்டிருக்கு?"

"பைண்டு பண்ண."

"மொட்டைக் கடுதாசியை பைண்டு பண்ற ஊர் எது செமேசா? யாருன்னு தெரியக்கூடாதுன்னு பேரை எடுத்திருக்கான், தேதியை எடுத்திருக்கான். கை பழக்கத்தை எடுக்க மறந்துட்டான். மாணவங்க ஆய்வேட்டுக்குத்தான் இந்த ஓரம் விடுவாங்க, கடுதாசிக்கும் விடுறது தினமும் இதையே அளக்கிற கை. திங்கக்கிழமையே தெரியும், இது இந்த ரூம்ல இருந்துதான் போயிருக்குன்னு. இந்த ரூம்ல நாம ரெண்டே பேரு. நான் எழுதலை."

அளவுகோலை வாங்கி நானே ஒருமுறை இடது ஓரத்தை அளந்தேன். நாலேதான்.

"நான்தான்" என்றேன். சொன்னதும் கொட்டிவிட்டது. "மதினி, ரெண்டு பகல் கப்பல்ல போனேன், அவ கூப்பிட்டான்னு. வழி பூரா வாந்தி. மூணு மணி நேரம் கதவுகிட்ட உட்கார்ந்தேன், கால் மரத்துப்போச்சு. அபகூகி மச்சான் வாயே திறக்க மாட்டான். அவனைச் சீண்டிச் சீண்டி, அவன் மீன் பிடிக்கிற லட்சணத்தைக் கிண்டல் பண்ணி, ஒவ்வொரு வார்த்தையா உருவி எடுத்துக் குடுத்தேன். கடைசிப் பிரதி வருது, ஆசையா புரட்டுறேன். கேட்டவர்: ஆய்வாளர். அவ்வளவுதான். நாய் பேரு இருக்கு. என் பேரு இல்ல."

"அதுக்காக அவளை மாட்டி விட்டே."

"கொஞ்சம் கலங்கட்டும்னு நெனச்சேன். குழு வரைக்கும் போகும்னு நெனைக்கலை."

"போகும்னு தெரியாத ஆபீஸா இது?"

தெரியும். நன்றாகவே தெரியும். தலையைக் குனிந்துகொண்டேன்.

மதினி அந்தக் காகிதக் கட்டைத் திருப்பினார். ஆசினாத்தேயின் முதல் பிரதி. போன வருஷம் எங்களிடம் திருத்தத்துக்கு வந்தது. தொண்ணூற்றேழாம் பக்கத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். அடியில் ஓர் அடிக்குறிப்பு, எண் பதினாலு.

"இந்தப் பேட்டியில் நானும் அண்ணனும் நேருக்கு நேர் பேசவில்லை, எங்கள் முறையில் பேசக் கூடாது. என் அத்தான் செமேசா ராவுலோ கதவருகில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எங்கள் இருவரின் பேச்சையும் கொண்டு சேர்த்தார். அவர் இல்லாவிட்டால் இந்தப் பேட்டி இல்லை."

அதன்மேல் குறுக்கே ஒரு கோடு. பச்சைக் கோடு. ஓரத்தில் பச்சையில், 'அடிக்குறிப்பு கூடாது. கையேடு பார்க்கவும். செ.ரா.'

என் கையெழுத்து.

"எண்பத்தொண்ணாம் பக்கத்துல இருந்து நூத்திப்பன்னிரண்டு வரைக்கும் இதே கோடு" என்றார் மதினி. "ஒரு பக்கத்தையாவது படிச்சியா?"

படிக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை நினைவு வந்துவிட்டது. கீழே கேன்டீன் டிவியில் எங்கள் நாட்டு அணியின் எழுவர் ரக்பி காலிறுதி. மேலே வரைக்கும் சத்தம் கேட்டது. கையேட்டில் அடிக்குறிப்புக்கு இடமில்லை, ஆள் பெயரும் வருஷமும் வரிக்குள்ளேயே அடைப்பில் வரவேண்டும். முப்பத்திரண்டு பக்கத்தையும் விசிறிபோலப் பிடித்துக்கொண்டு சரக் சரக்கென்று கோடு போட்டுவிட்டு மாடிப்படியில் இரண்டிரண்டாக இறங்கி ஓடினேன். ஜெயித்தோம். தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

ஆசினாத்தேக்குக் கையேடுதான் வேதம். பச்சைப் பேனா அடித்ததை அடித்துவிட்டாள். அடித்தது அவள் அத்தான் என்று அந்த 'செ.ரா.'வைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்திருக்கும். தன் பெயர் வேண்டாம் என்று அவரே சொல்கிறார்போல என்று எண்ணிக்கொண்டாளோ என்னவோ. அப்புறம் மொட்டைக் கடிதம் வந்தது. அவள் அபகூகியிடம் பேசவில்லை என்று தெரிந்தவர்கள் மொத்தம் மூன்றே பேர். அதுவும் அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் எனக்கு மீன் எடுத்து வைத்தாள்.

"அவ சொல்லியிருக்கலாமே மதினி."

"சொல்லியிருந்தா உன் வேலை போகும்னா. காதுல விழுந்தும் புரியலியா? நீதான் உடனே எழுந்து செருப்பு மாட்டப் போயிட்டியே."

ரொட்டியை யாரும் தொடவில்லை.

நாலு மணிக்குக் குழு அறைக்குள் போனோம். தலைவர் டாக்டர் கம்லேஷ் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்திருந்தார். ஆசினாத்தே மூலையில், நல்ல உடை உடுத்தி, கைகளை மடியில் கோத்து உட்கார்ந்திருந்தாள். மதினி எனக்காக ஒரு வார்த்தையும் பேசவில்லை. கதவருகில் நின்றுகொண்டார். நானே சொன்னேன். கடிதம் என்னுடையது. கோடும் என்னுடையது. பேட்டியில் இருந்த ஒவ்வொரு சொல்லும் அபகூகி சொன்னது, நான் கொண்டு கொடுத்தேன், அவள் எழுதினாள். சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஐந்து நிமிஷமும் நான் என் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் கம்லேஷ் முதல் பிரதியைப் புரட்டினார். "ஆக, உண்மையை அந்தப் பொண்ணு முதல்லயே எழுதியிருக்கு. அதை வெட்டினது நம்ம ஆபீஸ். வெட்டினதைக் குத்தம்னு எழுதிப் போட்டதும் நம்ம ஆபீஸ். நல்லா இருக்குப்பா நிர்வாகம்." பக்கத்தில் இருந்தவர்களோடு தணிந்த குரலில் பேசினார். "ஆய்வேடு ஏற்கப்படுது. ஒரே ஒரு திருத்தம். இந்தக் குறிப்பு திரும்ப வரணும். அடிக்குறிப்பா வேணாம். பேட்டி விவரத்துக்குள்ளயே வரட்டும். கடைசிப் பட்டியல்லயும் இவர் பேரு வரணும். செமேசா, உன் விஷயத்தை டீன் பார்ப்பார். அதுவரைக்கும் அந்தப் பச்சைப் பேனாவை இங்க வெச்சுடு."

மேசைமேல் வைத்தேன்.

"ஐயா," என்றேன், "என் பேரு மட்டும் வேணாம். போடாதீங்க."

முதல்முறையாக ஆசினாத்தே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஏன் அத்தான்?" என்றாள். "நடந்ததைத்தான் எழுதணும்னு நீங்கதானே கடுதாசி போட்டீங்க."

டாக்டர் கம்லேஷ் கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டு, "பேரு வரணும்" என்று எழுதிக்கொண்டார்.

அரை மணி நேரத்தில் அவள் புதுப்பக்கத்தை அடித்துக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தாள். மதினி அதை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "வடிவம் சரியா இருக்கான்னு பாரு. அது இன்னும் உன் வேலைதான்."

பேனா இல்லாமல் பார்த்தேன். அதே வார்த்தைகள். என் பெயர், ஊர், தேதி, காற்புள்ளி, முற்றுப்புள்ளி, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. 'அவர் இல்லாவிட்டால் இந்தப் பேட்டி இல்லை' என்ற வரிக்கு வந்ததும் எழுத்து கலங்கியது. நான் ஆசைப்பட்டது இதற்குத்தான். இது பைண்டு ஆகி, நூலக அலமாரியில் ஏறி, நான் செத்த பிறகும் இருக்கும். அந்த அலமாரியை இனிமேல் எப்படித் தாண்டிப் போவேன் என்று தெரியவில்லை.

"தப்பு ஒண்ணும் இல்ல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"சனிக்கிழமை மார்க்கெட் மாடியில ஒரு கட்டு யங்கோனா வேர் வாங்கிட்டு வா" என்றார் மதினி. "உங்க மாமா வீட்டுக்குப் போய் அதை முன்னாடி வெச்சு முறைப்படி மன்னிப்புக் கேட்கணும். உனக்காகப் பேச நடுவுல ஒரு ஆள் வேணுமே, நான் வர்றேன்."

ஆசினாத்தே பக்கத்தை உறையில் போட்டுக்கொண்டு கதவுவரை போனாள். அங்கே நின்று திரும்பினாள். கண்கள் இன்னும் வீங்கித்தான் இருந்தன.

"அத்தான், கடுதாசிக்கு இடது ஓரம் நாலு சென்டிமீட்டர் விட்டீங்களாமே. பைண்டு பண்ணி என் ஆய்வேட்டுக்குப் பக்கத்துலயே வெச்சுடவா?"

மதினி வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். தோள் குலுங்கியது.

நாலு நாளுக்கு அப்புறம் என் மாமா பொண்ணு என்னைக் கேலி பண்ணியிருக்கிறாள். பதிலுக்கு நான் ஏதாவது சொல்லியாக வேண்டும், அதுதான் முறை. வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. முகத்தை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் போகாமல் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தாள்.